நம் தெருவில் எத்தனை பிள்ளைகள்?

ஏரல்காரர்களுக்கு 'சேர்மன்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கும் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எங்கெங்கிருந்தோ சனம் வந்து கூடுகிறது. அங்கே வணங்கப்படுகிறவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊருக்குச் சேர்மனாக இருந்தவர். 1908-இல் இளம் வயதிலேயே மறைந்தார். நீதி தவறாதவர் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. உள்ளாட்சிப் பொறுப்பில் இருந்த ஒருவரைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் ஊர் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் நின்றுகொண்டு உள்ளாட்சியைப் பற்றி ஒரு கேள்வி கேட்க நினைக்கிறேன். உங்கள் தெருவில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்?

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊராட்சி அலுவலகத்துக்குத் தெரியுமா? பேரூராட்சி அலுவலகத்துக்குத் தெரியுமா? மொத்த ஊருக்கான எண்ணை அல்ல, உங்கள் தெருவுக்கான எண்ணைக் கேட்கிறேன்.

பக்கத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த நெல்மணியை ஆய்வுக்கு அனுப்பி, அது சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2021-இல் அரசு சட்டமன்றத்திலேயே அறிவித்தது. பெருமைதான். மண்ணுக்குள் கிடந்த நெல்லின் வயதைக் கண்டறிய முடிந்த நாட்டில், கீழத்தெருவில் தவழ்கிற பிள்ளைகளின் வயதையும் எண்ணிக்கையையும் அறிந்துகொள்வது அப்படி ஒன்றும் கடினமான காரியம் அல்ல. கடினமாக இல்லாத காரியம் ஏன் நடப்பதில்லை என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

எல்லாரும் எண்ணுகிறார்கள்

எண்ணுகிறவர்கள் இல்லாமல் இல்லை. பிறப்பைப் பதிவாளர் பதிகிறார். தடுப்பூசிக்காகக் கிராம சுகாதார செவிலியர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அங்கன்வாடி டீச்சர் தன் எல்லைக்குள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிறார். பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. குடும்ப அட்டையில் பெயர் ஏறுகிறது. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதை எண்ணி, தன் மேலிடத்துக்கு அனுப்பிவிடுகிறது. இவை எல்லாம் ஒரே மேசைக்கு வந்து, 'இந்தத் தெருவில் இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், இவர்களுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை' என்று யாரும் பார்ப்பதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். கடைசியாக முழுமையாக நடந்தது 2011-இல். 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு இப்போது நடக்க இருக்கிறது. இன்றைக்கு அங்கன்வாடிக்குப் போகிற வயதில் இருக்கும் எந்தப் பிள்ளையும் 2011 கணக்கில் இல்லை. அந்தப் பிள்ளைகளின் அக்காமார், அண்ணன்மார் பலரும்கூட அதில் இல்லை. ஆனால் திட்டம் போடுகிறவர்கள் கையில் இருப்பது அந்தப் பழைய எண்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 9-ஆவது பிரிவு முழுக்க உள்ளாட்சியின் கடமைகளைப் பற்றியது. தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டியது உள்ளாட்சி அமைப்பு என்று அது சொல்கிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பதினான்கு வயது வரை என்றால் பிறந்த குழந்தையும் அதில் சேர்த்திதான்.

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் கிராம ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று பதினோராவது அட்டவணையில் 29 பொருள்களை அடுக்கியது. அதில் 25-ஆவது, பெண்கள், குழந்தைகள் மேம்பாடு. 27-ஆவது, நலிந்த பிரிவினர், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலன். ஏரல் போன்ற பேரூராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 'குழந்தைகள்' என்ற சொல் தனியாக இல்லை. ஆனால் நலிந்த பிரிவினரின் நலனைப் பாதுகாப்பதும், பிறப்பு இறப்புப் பதிவு உள்ளிட்ட புள்ளிவிவரங்களும் அதில் உண்டு. ஆகவே பொறுப்பு யாருடையது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

கூட்டிப் போட்டால் காணாமல் போகும் தெரு

அங்கன்வாடி எப்படி ஒதுக்கப்படுகிறது என்று மாணவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,439 மையங்கள் இருப்பதாகத் துறை கணக்குச் சொல்கிறது. 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேர் வசிக்கும் இடத்துக்கு ஒரு குறு மையம் என்பது விதி.

ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். ஊருக்குள் 500 பேர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தலித் தெருவில் 250 பேர். இரண்டையும் கூட்டினால் 750. விதிப்படி ஒரு மையம் போதும். அந்த மையம் எங்கே அமையும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இதையே பிரித்து எண்ணிப் பாருங்கள். ஊருக்கு ஒரு மையம், தெருவுக்கு ஒரு குறு மையம் என்று அதே விதி சொல்லும். விதியும் மக்களும் மாறவில்லை. கூட்டியதா பிரித்ததா என்பதில்தான் நம் பிள்ளைகளின் மதியச் சோறும் முட்டையும் நிற்கின்றன.

நம்முடைய கிராமங்கள் பெரும்பாலும் ஒரே பெயருக்குள் இருக்கும் இரண்டு ஊர்கள். வருவாய்த் துறைக்கு ஒன்று, வாழ்கிறவர்களுக்கு இரண்டு. அலுவலகத்தில் 'ஊருக்கு ஒன்று இருக்கிறதே' என்று சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்க்கிற ஊரில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவாக ஆக்கப்பட்டுவிட்ட ஒரு சொல் போவதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் பெயர்ப்பலகையோடு சேர்ந்து தனிக் கணக்கும் போய்விடக் கூடாது. சொல்லை நீக்கிவிட்டு எண்ணிக்கையை ஊரோடு சேர்த்துக் கரைத்துவிட்டால், இல்லாத வசதி இருப்பதாகத்தான் தாளில் தெரியும்.

நடவு நாளில் ஒரு தெரு

பிசான நடவு நேரத்தில் ஏரலிலிருந்து சற்றுத் தள்ளிய ஒரு தெருவுக்குப் போயிருந்தேன். காலை ஏழு மணிக்குத் தெருவில் பெரிய பெண்கள் ஒருவர்கூட இல்லை. வேப்பமரத்து நிழலில் ஒரு பாட்டி ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு அவருடைய பேரப்பிள்ளைகள். மூன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். கூடவே பத்து வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் உள்ள நாள்தான்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம்மா?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. பாட்டிதான் சொன்னார்: "நடவு முடியட்டும், போவா. ஓட்டுக்கு எங்கள எண்ணுதாவ தம்பி, ரேசனுக்கு எண்ணுதாவ. பிள்ளையள எங்க விட்டுட்டுப் போறியன்னு கேக்கத்தான் ஒருத்தரையும் காணோம்."

அங்கன்வாடி ஊருக்குள் இருந்தது. அதிக தூரம் இல்லை. ஆனால் இடையில் பேருந்து போகிற சாலை. நடவுக்காரர்கள் புறப்படும்போது மையம் திறந்திருக்காது. அவர்கள் திரும்புவதற்குள் மையம் மூடிவிடும். நடுவில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அந்தப் பத்து வயது அக்காள். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் அவளுக்கு 'வரவில்லை' என்று ஒரு குறி விழும். அந்தக் குறிக்குக் காரணம் தம்பிக்கு இடமில்லாதது என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டார்கள்.

இந்தத் தாமிரபரணிப் பாசனப் பகுதி முழுக்கப் பெண்களின் உழைப்பில் நிற்கிறது. நடவும் களையும் அவர்கள் கை. கொடிக்காலில் வெற்றிலைக் கட்டு, வாழைத் தோட்டத்து வேலை, அறுப்பு எல்லாவற்றிலும் அவர்கள் இருக்கிறார்கள். பேரூராட்சியில் தூய்மைப் பணி செய்கிற பெண்களை எண்ணிப் பாருங்கள். ஊர் எழுந்திருக்கும் முன்பே அவர்கள் தெருவில் நிற்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் அந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிற உள்ளாட்சி எப்போதாவது கேட்டதுண்டா? குழந்தைகள் சேவையின் தேவையைக் கண்டறிய வேறெங்கும் போக வேண்டாம். காலையில் கையெழுத்துப் போட வருகிற தன் சொந்தப் பணியாளர்களிடமிருந்தே பேரூராட்சிகள் தொடங்கலாம்.

இது ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. 2005-இல் நூறு நாள் வேலைச் சட்டம் எழுதும்போதே, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நியமித்து அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். இங்கிலாந்தில் 2006-இல் குழந்தைப் பராமரிப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். வேலைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகளுக்குப் போதிய பராமரிப்பு இடம் தன் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தவரை அதை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று அது சொல்கிறது. அங்கே கேள்வி 'கட்டடம் இருக்கிறதா' என்பது அல்ல. 'பெற்றோர் வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா' என்பது. நம் ஊரில் கேட்க வேண்டியதும் அதுதான்.

1920-இல் ஒரு மாநகராட்சி

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டு உதாரணமே இருக்கிறது. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் ஏழைகள். அதனால் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது என்பதை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் எடுத்துச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவுசெய்து சிற்றுண்டி கொடுக்க 1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றம் ஒப்புதல் கொடுத்தது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1925-இல் ஆங்கில அரசு அந்தச் செலவை ஏற்காததால் நின்றுபோனது. நாட்டுக்கே முன்மாதிரி என்று இன்று சொல்லப்படும் மதிய உணவின் முதல் விதை ஓர் உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம்.

அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். 'பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தாயிற்று, வராதது அவர்கள் குற்றம்' என்று சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பசி என்று கண்டார்கள். பசிக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டார்கள். தேவையைக் கண்டறிவது என்பது இவ்வளவுதான்.

பிறகு 1956-இல் காமராசர் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்து, பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளையும் சேர்த்தார். 2022-இல் காலை உணவு வந்தது. வழி நெடுகப் பார்த்தால் தமிழ்நாடு இந்த விஷயத்தில் தலைநிமிர்ந்து நிற்கிற மாநிலம்தான்.

ஆனால் அதே எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் 2023 செப்டம்பரில் என்ன நடந்தது என்பதையும் மறந்துவிட முடியாது. காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடாமல் தடுக்கப்பட்டார்கள் என்ற செய்தி வந்து, அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே, 'உணவு கொடுக்கப்படுகிறதா' என்று மட்டும் எண்ணிப் பயனில்லை. எங்கே, யார் கையால், யாரோடு உட்கார்ந்து என்பதும் எண்ணில் வர வேண்டும்.

சுகதேவ் தோரட், ஜோயல் லீ இருவரும் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களின் நிலையை அது தொகுத்தது. மதிய உணவு ஆதிக்கச் சாதியினர் வசிக்கும் பகுதியில் பரிமாறப்படுவதே தலித் பிள்ளைகளுக்குப் பெரிய தடைகளில் ஒன்று என்று கண்டது. ஊர்ப் பதட்டம் வருகிற நாளில் முதலில் வீட்டில் நிறுத்தப்படுவது சின்னப் பிள்ளைதான். அரை கிலோமீட்டர் என்று வரைபடத்தில் எழுதப்பட்டிருக்கும் தூரம் அந்த நாளில் பத்துக் கிலோமீட்டர் ஆகிவிடும்.

நம் தெருவிலா, ஊர் நடுவிலா?

இங்கே நமக்குள்ளேயே ஒரு விவாதம் உண்டு. 'தலித் தெருவுக்குத் தனி அங்கன்வாடி கேட்டால், மூன்று வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்ததாக ஆகாதா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. பதினேழு வயதில் அரிவாளை எடுத்த பிறகு குழு அமைப்பதைவிட, மூன்று வயதில் ஒரே பாயில் உட்காரவைப்பது எளிது. அதை யார்தான் மறுப்பார்கள்?

என் பதில் இது. நாம் கேட்பது தலித் பிள்ளைகளுக்கு மட்டுமான மையம் அல்ல. தலித் தெருவில் இருக்கும் பொது மையம். இத்தனை காலமும் 'ஒன்றாக இருக்க வேண்டும்' என்றால் நம் பிள்ளை அவர்கள் தெருவுக்கு நடக்க வேண்டும் என்றுதான் பொருளாக இருந்தது. அவர்கள் பிள்ளை நம் தெருவுக்கு நடந்து வந்தாலும் ஒன்றாக இருப்பதுதானே? பள்ளிக்கூடம், நூலகம், அங்கன்வாடி, துணைச் சுகாதார நிலையம் என்று புதிதாக வருகிற எதையும் நம் தெருவிலோ, இரண்டு தெருவுக்கும் பொதுவான இடத்திலோ கட்டட்டும். ஊரார் வரட்டும். முதல் வருடம் வராவிட்டாலும், நம் பிள்ளைகள் பசியோடு காத்திருக்க வேண்டியது இல்லை.

இதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று கொடுத்த தீர்ப்பை ஒவ்வொரு தெருவும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புதிய மையங்களுக்கு இடம் தேர்வுசெய்யும்போது பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதோடு, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் குறைந்தது 40 பேர் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றும் சொன்னது.

'குடியிருப்பு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிராமம் என்று சொல்லவில்லை. ஊராட்சி என்றும் சொல்லவில்லை. 'ஊருக்குள் ஒன்று இருக்கிறது' என்ற பதில் இதற்குப் பதில் ஆகாது. நாற்பது பேர் இல்லாத சின்னத் தெரு என்றால், முன்னே சொன்ன குறு மைய விதியைக் காட்டிக் கேட்கலாம். எப்படியானாலும் கையில் எண் வேண்டும். எண் இல்லாத மனு அலுவலகத்தில் ஒரு கோரிக்கை. எண் உள்ள மனு ஓர் உரிமை.

வெள்ளம் கேட்ட கேள்வி

பிள்ளைகளை எண்ணி வைத்திருப்பது எதற்கு உதவும் என்று 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நாம் எல்லாரும் அனுபவித்தே தெரிந்துகொண்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஏரல் பாலத்தை ஒட்டிய சாலை அரித்துப்போய் ஊர் தனித்தீவாக நின்றது. படகிலும் ஹெலிகாப்டரிலும் உணவு வந்தது. பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அட்டை எண்ணப்பட்டது.

கைக்குழந்தை உள்ள வீடு எது, நடக்க முடியாத பிள்ளை உள்ள வீடு எது, பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு எது என்று தெருவாரியாக ஒரு தாள் இருந்தால், முதல் படகில் எதை ஏற்றுவது, எந்த வாசலில் முதலில் நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியிருக்காது. தாழ்வான இடங்களில் இருப்பவை பெரும்பாலும் நம் தெருக்கள். தண்ணீர் முதலில் வருவதும் கடைசியாக வடிவதும் அங்கேதான். அடுத்த வெள்ளத்துக்கு முன்னால் அந்தத் தாள் தயாராக வேண்டும்.

செய்ய வேண்டியது

தூத்துக்குடி மாவட்டத்தில் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கேட்பதற்குத் தலைவர் இல்லாத காலத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் தள்ளிவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அது தவறு. கிராம சபைக்கு அப்போதும் உயிர் உண்டு. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும். பேரூராட்சியில் 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஓட்டுக் கேட்க வந்த அதே வாசலுக்கு அவர்களைக் கூப்பிடலாம்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். வீடு வீடாகப் போய் எழுதுங்கள். பிள்ளையின் வயது. பிறப்புச் சான்று இருக்கிறதா. அங்கன்வாடியில் பெயர் இருக்கிறதா, பெயர் இருந்தும் போகிறதா. போகவில்லை என்றால் ஏன். மையம் எவ்வளவு தூரம், நடுவில் என்ன இருக்கிறது: சாலையா, வாய்க்காலா, யாருடைய தெருவா. தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் புறப்படுகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார். அதுவரை பிள்ளை யாரிடம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்காவோ அண்ணனோ பள்ளிக்கு மட்டம் போடுகிறார்களா. மாற்றுத்திறன் உள்ள பிள்ளை இருக்கிறதா, அதற்கு என்ன வேண்டும்.

எழுதும்போது வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். குடும்ப அட்டை இல்லாத வீட்டை விட்டுவிடாதீர்கள். நம் தெருவுக்குள்ளும் நாம் கண்டுகொள்ளாத புதிரை வண்ணார் வீடுகள், அருந்ததியர் வீடுகள் உண்டு. ஊர் நம்மை எண்ணாமல் விட்டது போல நாம் அவர்களை விட்டுவிட்டால், நம் பட்டியலுக்கு என்ன மதிப்பு?

அங்கன்வாடி டீச்சரையும் ஆயாவையும் எதிரியாக நினைக்க வேண்டாம். குறைந்த மதிப்பூதியத்தில் எடையும் உயரமும் எடுத்து, செல்போன் செயலியில் பதிவுசெய்து, அடுப்பையும் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். உங்கள் பட்டியலை அவர்களுடைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விட்டுப்போன பெயரைச் சேர்க்க அவர்களே முதலில் மகிழ்வார்கள்.

பட்டியலைக் கிராம சபையில் வாசியுங்கள். 'எங்கள் குடியிருப்பில் இத்தனை பிள்ளைகள். எங்களுக்கு மையம் வேண்டும்' என்றோ, 'மையத்தின் நேரம் வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஏற்றபடி மாற வேண்டும்' என்றோ தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். நகலைக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். அந்த ஒப்புகையில் உள்ள தேதியிலிருந்துதான் மூன்று மாதம் ஓடத் தொடங்கும்.

உள்ளாட்சிகள் இதை நம்மிடமிருந்து எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பதிவேடு வைப்பது அவர்களுடைய கடமை. நாம் நோட்டு எடுத்துக்கொண்டு போவது அவர்கள் வேலையைச் சுமப்பதற்காக அல்ல. அவர்கள் எண்ணுகிறபோது கூட்டிப் போட்டு மறைக்காமல் இருப்பதற்காக.

வேப்பமரத்தடியில் நின்ற அந்தப் பெண்பிள்ளை அடுத்த நடவுக்கும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கப்போகிறாளா, ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கப்போகிறாளா என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. நீதி தவறாத சேர்மனைக் கும்பிடுகிற ஊரில், அவர் உட்கார்ந்திருந்த பொறுப்பில் இன்று உட்கார்ந்திருக்கிறவர்களிடம் அவளுக்காக ஓர் எண்ணைக் கேட்பது பெரிய வேண்டுதல் அல்ல. நோட்டை எடுங்கள். உங்கள் வீட்டிலிருந்தே முதல் பெயரை எழுதுங்கள்.